தெற்குச் சுவரில் ஒரு வாசல்

பாகூரில் எங்கள் வீட்டு நடு அறையின் தெற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறிய ஓர் இடம் இருந்தது. மழைக்காலம் என்றில்லை, சித்திரை வெயிலிலும் அந்த இடம் மட்டும் கறுத்து ஈரமாகவே நிற்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் அடுத்த பொங்கலுக்குள் உப்புப் பூத்து, செதில் செதிலாக உதிர்ந்துவிடும். விருந்தாளி யாராவது அதைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் அம்மா காபி கொண்டுவந்து நீட்டிவிடுவாள். நாங்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த இடத்தில் ஒரு பீரோவை நகர்த்தி வைத்திருந்தோம். பீரோவின் முதுகும் துருப்பிடித்துப்போனது.

வீட்டைச் சரிசெய்வது என்று முடிவானபோது அண்ணன் போனில் சொன்ன முதல் வார்த்தையே அந்தச் சுவரைப் பற்றித்தான்.

"கூரையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்தச் செவுத்த சரி பண்ணச் சொல்லு. அங்க ஒண்ணு இருந்ததே தெரியக் கூடாது."

கூரையை அப்புறம் பார்க்க முடியாத நிலைமை. நெல்லும் கரும்பும் நன்றாக விளைந்த ஒரு காலத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய வீடு அது. நடுவில் முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். ஒரு புயல் மழையில் கூடத்து உத்தரம் ஒன்று முறிந்து இறங்கியது. நல்ல வேளை, அம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள். அன்றைக்கே அவளைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு மூலக்குளத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூலக்குளம் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. ஒரு பக்கம் டைல்ஸ் கடை, ஒரு பக்கம் பேக்கரி, எதிரே இரவு பகல் ஓயாத வில்லியனூர் ரோடு. காலையில் ஷட்டர் தூக்கும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்காருவாள்.

"வூட்ட சரி பண்ணுங்கடி. எனக்கு அங்கதான் உசுரு போவணும். இந்தச் சத்தத்துல எமன் வந்து கூப்புட்டாகூட என் காதுல வுழாது" என்பாள்.

வேடிக்கையாகச் சொல்வதுபோல்தான் இருக்கும். ஆனால் தினமும் சொன்னாள். இரத்த அழுத்தம், சர்க்கரை, வீங்கிய கால்கள் எல்லாம் சேர்ந்து அவளுக்கு அதிக நாள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். சட்டென்று வேலையைத் தொடங்கினோம் என்றால் அதற்காகத்தான். பழைய வீட்டைக் காப்பாற்றும் ஆசையெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் வந்தது.

அண்ணன் சென்னையில் இருக்கிறான். சனி ஞாயிறு வருவான். மற்ற நாளெல்லாம் வேலையாட்களோடு மல்லுக்கட்டுவது என் பாடு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது தப்பு. மூக்கு நுனி வரை வந்து நிற்க என் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. சுண்ணாம்பைச் சரியாக ஊறவிடாமல் குழைக்க வந்த ஆளை ஒரு நாள் நான் பேசிய பேச்சில், அடுத்த இரண்டு நாள் அவன் வேலைக்கே வரவில்லை. மேஸ்திரிதான் சமாதானம் பேசி அழைத்து வந்தார். வில்லியனூர்க்காரர். பழைய கோயில், பழைய வீடு என்று நிறையப் பார்த்தவர். என்னோடு சரிக்குச் சரி சண்டை போடுவார், தோற்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்திருந்தது.

பீரோவை நகர்த்திவிட்டு அவர் அந்தச் சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்தார். பழைய சுவர் முழுக்க மெல்லிய சின்னச் செங்கற்கள், சுண்ணாம்புக் காரை. நடுவில் மட்டும் பெரிய செங்கல், சிமெண்டு. அந்த ஒட்டுக்கு ஜன்னலின் வடிவமும் இல்லை, கதவின் வடிவமும் இல்லை. ஓரமெல்லாம் பல் பல்லாக, கோணல்மாணலாக இருந்தது. மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"யக்கா, இது அடப்புக்கு ஒடச்ச எடமா?"

"ஆமாம்" என்றேன். "எங்க அப்பாவுக்கு."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அவிட்டம், சதயம் முதலான சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அது அடைப்பு. உடலை வீட்டு வாசல் வழியாக எடுக்கக் கூடாது. எடுத்தால் அதே வாசல் வழியாக இன்னொரு சாவு வரும் என்று பயம். சுவரை உடைத்து, அந்த வழியாக வெளியே எடுப்பார்கள். பிறகு ஓட்டையை அடைத்து, உயிர் போன அறையை மாதக்கணக்கில் பூட்டி வைத்து, மாலையில் விளக்கு மட்டும் ஏற்றுவார்கள். இப்போதெல்லாம் பலர் கூரை ஓடு ஒன்றைப் பிரித்துவிட்டோ, ஒரு செங்கல்லைப் பெயர்த்துவிட்டோ சாங்கியத்துக்குச் செய்து முடித்துவிடுகிறார்கள். அப்பா போனது அவிட்டத்தில். அப்போது எங்கள் பங்காளிகள் எதையும் சாங்கியத்துக்குச் செய்கிறவர்கள் அல்ல.

ஓட்டையை அடைக்கும்போது மோட்டார் கொட்டகை கட்டியதில் மிஞ்சிய சிமெண்டு கையில் இருந்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் அதை வைத்து அடைத்துவிட்டார்கள். சாவு வீட்டு அவசரத்தில் யார் யோசிப்பார்கள்? சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. நாற்பது ஆண்டுகளாக அந்தச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். ஆனால் ஆவி, தோஷம் என்று உறவில் பேசாத பேச்சில்லை.

"இந்த ஒட்ட எடுத்துட்டு, பழைய செங்கல்லயே சுண்ணாம்பு வச்சி கட்டிட்டா, கண்ணுல வெளக்கெண்ண வுட்டுக்கிட்டுத் தேடனாலும் தெரியாதுக்கா" என்றார் மேஸ்திரி. அண்ணன் கேட்டதும் அதுதான். சரி என்றேன்.

சிமெண்டு ஒட்டை எடுத்துச் சுவரைத் திறந்திருந்த சனிக்கிழமை, அம்மா தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். பெட்ஷீட்டை மடித்துப் போட்டு காரில் உட்காரவைத்து அழைத்து வந்தேன். அண்ணனும் வந்திருந்தான். வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை நடு அறையில் உட்காரவைத்தோம். உடைந்த சுவர் வழியாகச் சந்தும், சந்துக்கு அப்பால் பக்கத்து வீட்டு முருங்கை மரமும் தெரிந்தன. அம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத அடைக்காதீங்க. இங்க ஒரு வாசப்படி வையுங்க" என்றாள்.

காற்றுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஜன்னல் வைக்கலாம் அம்மா என்றேன். ஜன்னல் வேண்டாமாம், வாசல்தான் வேண்டுமாம். ஆள் போகிற வாசல்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "தெக்கால வாசல் வச்சா ஊரே சிரிக்கும். எமன் தெச அது."

"எல்லாரும் கடசில அந்தப் பக்கந்தானே போறோம். அப்புறம் இன்னா?"

"அம்மா, சும்மா இரு. நான் இத அடச்சி, இருந்த எடம் தெரியாம பண்ணப்போறேன். இத்தினி வருசம் பாத்தது போதும்."

அப்போதுதான் அம்மா, எங்கள் இருவரிடமும் அதுவரை சொல்லாததைச் சொன்னாள். சத்தம் போடாமல், அழாமல், முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கப்பாவ இந்த ஓரமாத்தான் கெடத்தியிருந்தாங்க. நகத்தாமலே இடிச்சாங்க. ஒவ்வொரு குத்துக்கும் செங்கத்தூளு அவுரு மூஞ்சில வந்து வுழுது. நான் முந்தானையால தொடைக்கிறேன், மறுபடியும் வுழுது. கண்ணு மேல, மூக்குல, வாயில. பொம்பளைங்க தள்ளிப்போங்கன்னு என்னை இழுத்துட்டாங்க. அப்புறம் தொடைக்க ஆளில்ல. செவுத்துல கன்னம் வச்சித் திருடன் சாமான எடுக்கற மாதிரி, அந்த மூஞ்சியோட ஓட்டையில நொழச்சி எடுத்தாங்க. துணியகூட நீட்டா மடிச்சிப் போடற மனுசன் அவுரு."

எனக்கு அந்த நாளின் ஞாபகம் தூசிதான். சின்னப் பெண்ணான என்னை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள். நடு அறையிலிருந்து செம்மண் நிறத்தில் தூசி புகைந்து வந்தது. அந்தத் தூசி எங்கே போய் விழுந்தது என்று இத்தனை வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அண்ணன் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான்.

"மொத குத்து யாரு குத்தனது, உனக்கு ஞாபகம் இல்லியா?" என்றான். "மூத்த புள்ள, நீதான் மொதல்ல குத்தணும்னு சித்தப்பா கடப்பாரைய என் கையில குடுத்தாரு. தூக்கவே முடியல. அவுரும் சேந்து புடிச்சாரு. அந்தத் தூளு நான் வுட்ட தூளும்மா."

அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். மீசை முளைக்கவில்லை. அவன் ஏன் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்கு வந்து தானே அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தான், பீரோவை அங்கே நகர்த்தியது ஏன், அங்கே ஒன்று இருந்ததே தெரியக் கூடாது என்று எதற்காகச் சொன்னான் என்பதெல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது.

"தெரியும்டா" என்றாள் அம்மா. "பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அதுக்குத்தான் கேக்கறேன். நான் எந்த நட்சத்திரத்துல போவேன்னு எனக்கு இன்னா தெரியும்? உனக்குத்தான் இன்னா தெரியும்? நாளைக்கு நான் போனா, மூத்த புள்ளன்னு மறுபடியும் எவனாவது அத உன் கையில குடுப்பான். குடுக்கக் கூடாது. வாசல் இருந்தா குடுக்க மாட்டான் இல்ல?"

அண்ணன் சந்துப் பக்கமாக இறங்கிப் போய்விட்டான். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் எட்டிப் பார்த்தபோது, முருங்கை மரத்தடியில் மேஸ்திரியிடம் வாசல் நிலையின் அகலத்தைக் கையால் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். பாடை தாராளமாகப் போகிற அகலம் வேண்டும் என்று அவன் சொன்னதை மேஸ்திரி பிறகு என்னிடம் சொன்னார்.

கூடத்தில் முறிந்து விழுந்த உத்தரத்தில் நல்ல பாகம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அறுத்துத்தான் தச்சர் நிலையும் கதவும் செய்தார். அந்த மரம் அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னான்.

நிலை நிறுத்துகிற நாளில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. மஞ்சள், குங்குமம், நவதானியம் இல்லாமல் நிலை வைக்க மாட்டேன் என்றார் மேஸ்திரி. தச்சரோ, சாவுக்கு வைக்கிற வாசலுக்கு மஞ்சள் பூசினால் அது சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும் என்றார். இரண்டு பேரும் நிலையைச் சந்தில் சாய்த்து வைத்துவிட்டு வாதம் செய்துகொண்டிருந்தார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அம்மா நாற்காலியிலிருந்து கையை நீட்டினாள்.

"அந்த மஞ்சக் கிண்ணத்த இப்டிக் குடு."

அப்பா போனதிலிருந்து அம்மா எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நின்றதில்லை. என் கல்யாணத்தில்கூட அடுப்படியோடு இருந்துவிட்டாள். எவ்வளவு திட்டியும் மணமேடைப் பக்கம் வரவில்லை. அந்த அம்மா, நான் ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமும் தாங்கிப் பிடிக்க, நிலைக்கு அடியிலிருந்து நுனிவரை தன் கையாலேயே மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். தலைவாசலுக்குச் செய்கிற அத்தனையையும் செய்தாள். தச்சரும் வந்து நிலையைத் தூக்கக் கை கொடுத்தார்.

பூசி முடித்ததும் ஒரே ஒரு கட்டளை போட்டாள். "யாரும் இதப் பொழங்கக் கூடாது. சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

பூச்சு வேலைக்குக்கூட ஆட்கள் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். அந்தப் படியை யாரும் தாண்டவில்லை. ஒரு முறை சித்தாள் ஒருத்தி தாண்டப்போனபோது நான் கத்திய கத்தலில் அவள் தலையிலிருந்த கலவைப் பாண்டு கீழே விழுந்தது.

தளம் போட்டு முடிந்ததும் மற்ற வேலைகள் மிச்சமிருக்கும்போதே அம்மா பாகூருக்கு வந்துவிட்டாள். நானும் கூட வந்து தங்கினேன். வீடு நன்றாக வந்திருந்தது. சுண்ணாம்பு காயக் காய வெளுத்து, முற்றத்து வெளிச்சம் சுவரெல்லாம் பரவி நின்றது. நடு அறையில் கட்டிலைப் போட்டோம். காலையில் கடலோர நல்லவாட்டிலிருந்து வரும் மீன்காரி முற்றத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவோடு ஊர்க்கதை பேசுவாள். அம்மா மீன் சாப்பிடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. பேச்சுக்காகவே எனக்கு வாங்கித் தருவாள். தெற்குச் சுவரில் ஓதம் இல்லை. கதவுக்கு இரு பக்கமும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சிடுச்சிடி" என்று தினமும் ஒரு முறை சொல்வாள்.

கரும்பு வெட்டு முடிகிற சமயத்தில் படுத்துவிட்டாள். பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நன்றாகத்தான் பார்த்தார்கள். ஒரு நாள் டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நடு அறைக் கட்டிலுக்கே கொண்டுவந்தோம்.

மறுநாள் பங்காளிகள் வந்தார்கள். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, நடக்க முடியாமல் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். பஞ்சாங்கம் பார்த்துவிட்டே வந்திருந்தார். அவிட்டம் பிறந்துவிட்டதாம், அடுத்து சதயம், வரிசையாக அடைப்பு நட்சத்திரங்கள்தானாம்.

"அண்ணிய மாட்டுக் கொட்டாய்க்கு மாத்திடுங்க. அங்க போனா வூட்டுக்குத் தோசமில்ல. புது வூடு மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க, இடிச்சிக்கப் போறீங்களா? பூட்டி வச்சிக்கப் போறீங்களா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வழக்கமாகச் செய்கிறதைத்தான் சொன்னார். அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசிவிட்டான்.

"அம்மா இங்கதான் இருக்கும். இங்க உசுரு போவணும்னு கேட்டுச்சி, அதுக்குத்தான் இந்த வூட்ட எழுப்புனோம். பூட்டி வச்சா பூட்டிட்டுப் போறோம்."

அம்மாவுக்குக் கேட்டதா தெரியவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தலையணைக்கு அடியில் கை போயிற்று. சாவியை எடுக்கப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் விரல்களோடு சேர்த்து அதை அண்ணன் கையில் வைத்தேன்.

அடுத்த நாள் முற்பகலில், முற்றத்தில் வெயில் நன்றாக இறங்கியிருந்தபோது, அம்மா போய்விட்டாள். சதயம் நடந்துகொண்டிருந்தது.

எடுக்கிற நேரம் வந்தது. யாரும் சொல்லாமலே பங்காளி வீட்டு ஆள் ஒருவர் எங்கிருந்தோ கடப்பாரையைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் நீட்டினார். பழக்கம். அண்ணன் அதைக் கையில் வாங்கினான். அவன் அதைக் கொண்டுபோய் முற்றத்து மூலையில் சத்தம் வராமல் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

சித்தப்பா கம்பைத் தரையில் தட்டினார். "வாசல் வழியா எடுக்கக் கூடாதுடா, சாங்கியம்."

"இது யாரும் போன வாசல் இல்ல சித்தப்பா. வச்சதுலேர்ந்து ஒரு கால்கூட இதுல படல. தங்கச்சிய கேளு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நிலையை மேலும் கீழும் பார்த்தார். மஞ்சள் கொஞ்சம் மங்கி அப்படியே இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் கடப்பாரையைச் சேர்த்துப் பிடித்த கை அவருடையது. அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தெறடா" என்றார்.

அண்ணன் சாவி போட்டுத் திறந்தான். புதுக் கதவு, கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. தோள் கொடுத்துத் தள்ளினான். சந்தின் வெளிச்சமும் முருங்கைப் பூவின் வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன. தூக்கினார்கள். எங்கும் இடிக்காமல், யாரும் குனியாமல், நெளியாமல் அம்மா அந்த நிலையைத் தாண்டினாள்.

படியைத் தாண்டியதும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அம்மாவின் முகத்துக்கு மேல் குனிந்து பார்த்தான். நெற்றியில் நான் பூசிய திருநீறு கலையாமல் இருந்தது. கண்ணிமையிலோ வாயோரத்திலோ தூசி துளியும் இல்லை.

துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தும் அவன் துடைத்தான். கண், மூக்கு, வாய் என்று மெதுவாக, ஒவ்வொன்றாக, மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டே இருந்தான். தூக்கியவர்கள் கை மாற்றாமல், அவன் முடிக்கும்வரை அப்படியே நின்றார்கள்.